படியில் விழாதவன்

கிம்-லுவான் தன் வீட்டை அசிங்கமாக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கருங்கல் சுவரின் மேல் குளியலறை ஓடு ஒட்டினாள், அதுவும் மீன் படம் போட்ட நீல ஓடு. எண்பது வருஷத்து உத்தரத்துக்கு ரோஸ் பெயிண்ட் அடித்தாள். மரச் சன்னல்களைக் கழற்றிப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியச் சன்னல் வைத்தாள். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அறுபத்தொரு வயதுக்காரியைக் கிழவி என்கிறவர்கள் ஒரு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தோகிம் மலைப் படிக்கட்டில் ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து சொல்லட்டும்.

தோகிமில் வருஷத்துக்கு இருநூறு நாள் மழை, மிச்ச நாளெல்லாம் பனிமூட்டம். கடலிலிருந்து ஏறி வரும் ஈரம் முதலில் அரிசியில் இறங்கும், பிறகு மெத்தையில், கடைசியாக முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேருந்து நிற்கும் அடிவாரத்திலிருந்து அவள் வீட்டுக்கு முந்நூற்றுப் பதினாறு படி. மகள் தாவ்யுவானில், சமதளத்தில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருந்தாள். "வந்துடும்மா" என்று பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம்தான் கிம்-லுவானுக்குப் போதும் என்று ஆகியது. யார் மேலும் கோபமில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததும் படிகள் ஞாபகத்துக்கு வரும், எழுந்திருக்க மனமில்லாமல் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள்.

ஆனால் வெறுங்கையோடு மருமகன் வீட்டில் போய் நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. வீட்டை விற்றால்தான் அங்கே தலை நிமிர்ந்து சோறு சாப்பிடலாம். வாங்குவதற்குத் தைபேக்காரர் ஒருவர் தயாராக இருந்தார். இடித்துவிட்டு, கடல் தெரிகிற அறைகளாகக் கட்டி வாடகைக்கு விடுவது அவர் திட்டம். அவர் போட்ட ஒரே நிபந்தனை, வீடு அரசாங்கத்தின் பழஞ்சின்னப் பட்டியலில் ஏறக்கூடாது. ஏறிவிட்டால் ஓர் ஆணி பிடுங்கக்கூட மனுப் போட வேண்டும். தங்க வேட்டைக் காலத்து இடங்கள் எட்டுக்கு ஏற்கெனவே பித்தளைப் பலகை வைத்தாகிவிட்டது. போலீஸ் சாவடி, சினிமாக் கொட்டகை, சாராயக்கடை, ஐந்தாம் சுரங்க வாய் என்று வரிசை. ஒன்பதாவதாகச் சுரங்கத் தொழிலாளியின் வீடு ஒன்று வேண்டுமென்று தேடினார்கள். அந்தத் தேடலில் கிம்-லுவான் வீடுதான் முதலில் நின்றது. அதனால்தான் மீன் ஓடு.

ஓடு ஒட்டி மறைக்க முடியாத ஒன்று அடுப்படியில் இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில் ஒரு கற்பலகை. அதை நகர்த்தினால் குழி. ஓர் ஆள் உயரம் இறங்கினால், மலைக்குள் தவழ்ந்து போகிற மாதிரி ஒரு வழி. கம்பெனி சுரங்கங்களை மூடிவிட்டுப் போன பிறகு பாதி ஊர் இப்படித் தன் வீட்டுக்கு அடியிலேயே திருட்டுத்தனமாகத் தோண்டியது. சோதனைக்கு ஆள் வந்தால் தாதுக் கல்லை ஊறுகாய் ஜாடியில் போடுவார்கள், தொட்டிலில் குழந்தைக்குத் தலையணையாக வைப்பார்கள். பெண்கள் வயிற்றில் கட்டிக்கொண்டு, மாசமாக இருப்பவள் போல இடுப்பைப் பிடித்தபடி வாசலில் வந்து நிற்பார்கள். வருகிற அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவ, சோறு வடிக்கத் தெரிந்த எல்லாப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது.

கிம்-லுவானின் கணவன் தியாம்-ஹோக் அந்தக் குழியில்தான் இறந்தான். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு முப்பது வயது, மகளுக்கு மூன்று. மூன்றாவது வளைவுக்கு அப்பால் மேலிருந்து ஒரு கல் தலையில் விழுந்தது. கூட இருந்த ஆ-தோ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்து வந்து, அடுப்படியில் கிம்-லுவானின் கையில் கொடுத்தான்.

மலைக்குள் ஒருவன் இறந்தால், வெளியே வரும்வரை இறந்துவிட்டான் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அடிபட்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். தூக்கி வருகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே வளைவு, இடப்பக்கம் திரும்புகிறோம், தலையைக் குனிந்துகொள், வா என்பார்கள். செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாது. வழி சொல்லாவிட்டால் இருட்டில் வளைவிலேயே நின்றுவிடுவான். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அவனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதையும் சொந்தக்காரர் வாயால் சொல்ல வேண்டும். தோகிமில் எத்தனையோ பேரை இப்படித்தான் வெளியே அழைத்து வந்தார்கள்.

தியாம்-ஹோக்கை யாரும் கூப்பிடவில்லை. மூடின சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி விட்டுப்போன காவல்காரன் சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்தான். திருட்டுக் குழி என்று தெரிந்தால் ஆ-தோவுக்கு ஜெயில், வீட்டுக்குச் சீல். மூன்று வளைவையும் ஆ-தோ ஒரு வார்த்தை பேசாமல் கடந்தான். பொழுது விடிவதற்குள் ஆ-தோவும் கிம்-லுவானும் அவனைக் கொண்டுபோய் சினிமாக் கொட்டகைக்கு மேலே உள்ள படியில் கிடத்தினார்கள். மழையில் வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பூசாரி வந்தார், அந்தப் படியிலேயே நின்று மணியடித்து, அங்கே இல்லாத உயிரைக் கூப்பிட்டார். உயிர் வரச் சம்மதமா என்று கேட்டு, குறி பார்க்கும் மரக்கட்டைகள் இரண்டையும் எட்டு முறை போட்டார், எட்டு முறையும் இல்லை என்றே விழுந்தது. ஒன்பதாவது முறை மழை வலுத்தது. கட்டை எப்படி விழுந்தது என்று யாரும் பார்ப்பதற்குள் பூசாரி அதைப் பொறுக்கிக்கொண்டு, "வந்துட்டான், வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார்.

அதிலிருந்து வருஷா வருஷம் கிம்-லுவான் அந்தப் படியில் சோறு வைத்தாள். ஊர் பார்க்கிறதே, வைக்காமல் முடியுமா? நாய்கள் தின்றன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் படிக்கும் பலகை வந்தது. ஆறாம் எண். 'தோகிமின் கடைசிச் சுரங்கத் தொழிலாளி விழுந்த படி' என்று எழுதியிருந்தார்கள். ஆ-தோவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது, நெஞ்சு முழுக்கக் கல்தூசி, சுற்றுலாக்காரர்களுக்கு வழி காட்டுகிற வேலை. தினம் இரண்டு முறை அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, விழுந்தவன் கைக்குள் பாக்கு அளவு தங்கக் கட்டி இருந்தது என்றும், விரல்களைப் பிரிக்க மூன்று ஆள் தேவைப்பட்டது என்றும் சொல்வான். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டுக் கிம்-லுவானுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பழஞ்சின்ன அலுவலகத்துப் பெண் வந்தாள். யூ என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள். கூடவே ஆ-தோ.

"அத்தை, இது... மீனா?"

"மீன்தான். தங்கமீன். தங்கம் வெட்டின ஊராச்சே."

"இதுக்குப் பின்னால கருங்கல் இருக்கணுமே. போன வருஷம் எடுத்த போட்டோல பாத்தேன்."

"ஓதம் அடிச்சுது. உடம்புக்கு ஆகல. போட்டோவுக்கு ஓதம் அடிக்காது பாரு."

யூ உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"ரோஸ் கலரா?"

"எனக்குப் பிடிச்ச கலரு."

"அடியில என்ன மரம்?"

"மரந்தான்."

ஆ-தோ தொண்டையைச் செருமினான். "தேவதாரும்மா. இவ மாமனார் கீழ இருந்து தோள்ல சுமந்துட்டு வந்தது. ஊருக்கே தெரியும்."

கிம்-லுவான் அவனைப் பார்த்த பார்வையில் ஈரத் துணியே காய்ந்திருக்கும். இந்த மனுஷன் நேற்று வரை நல்லாத்தானே இருந்தான், இன்றைக்கு என்ன கேடு என்று நினைத்தாள். வீட்டைப் பட்டியலில் ஏற்ற அவன் ஏன் இப்படித் துடிக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. சுற்றிக் காட்ட ஒன்பதாவதாக ஓர் இடம் கிடைக்குமே என்ற ஆசையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

யூ அடுப்படிக்குள் வந்தாள். நடந்துகொண்டே குதிகாலால் தரையைத் தட்டினாள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. மறுபடி தட்டினாள்.

"கீழ என்ன இருக்கு அத்தை?"

"முள்ளங்கி ஊறப்போடற குழி."

"அது ஊறுகா குழி இல்ல," என்றான் ஆ-தோ.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கிம்-லுவான் அதை நிதானமாக இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்படியா அண்ணே? வேற என்ன குழி? உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க, கேப்போம். ஆனா பாதியில விடக்கூடாது. அந்த ஆறாம் நம்பர் படியில இருந்து ஆரம்பிச்சு முழுசாச் சொல்லணும்."

ஆ-தோ தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஊறுகா குழிதான்," என்றான் தரையைப் பார்த்து. "நான் வேற வீட்ட நினைச்சுட்டேன்."

"திறந்து பாக்கலாமா?" என்றாள் யூ.

"பாரேம்மா. போன மாசம் ஒரு எலி விழுந்து செத்துப்போச்சு, என்னால குனிஞ்சு எடுக்க முடியல. இந்தப் பானைய நகத்த ஒரு கை குடு."

யூ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தேநீர் குடிக்க உட்கார்ந்தாள். தாளை எடுத்து, 'பழைய அமைப்பு எதுவும் மிஞ்சவில்லை, பட்டியலுக்குத் தகுதியில்லை' என்று எழுதினாள். எழுதும்போது நிஜமாகவே வருத்தப்பட்டாள், பாவம்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்திருக்கணும் நான். அத்தை, ஒண்ணு கேக்கணும். ஆறாம் பலகை உங்க வீட்டுக்காரரப் பத்தினதுதானே? அத எழுதினது நான்தான். ஆ-தோ மாமா சொன்னத வச்சு எழுதினேன். எல்லாம் சரியா இருக்கா?"

"எழுத்துப் பிழை இல்ல," என்றாள் கிம்-லுவான்.

யூ படியிறங்கிப் போனாள். வாசலில் நின்று அவள் குடை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்த கிம்-லுவானுக்கு, ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒரு கொட்டாவிதான் வந்தது. உள்ளே வந்தாள். ஆ-தோ போகாமல் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வாங்கறவன் சிமெண்ட் ஊத்துவான்," என்றான்.

"ஊத்தட்டும்."

"அவன் மூணாவது வளைவுல நிக்கிறான் லுவான்."

முப்பத்துநாலு வருஷத்தில் இதை இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை. கிம்-லுவான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது பழைய காலத்துப் பேச்சு அண்ணே. இப்ப யார் நம்பறா?"

"நீ நம்பலையா?"

இரவில் மகளோடு பேசி முடித்து போனை வைத்ததும், அடுப்படிப் பக்கம் பார்த்து, "படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் படுப்பது வழக்கம். அதை நம்பிக்கை என்பதா, பழக்கம் என்பதா என்று அவள் யோசித்ததே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், மூணாவது வளைவுன்னு?"

"தூக்கிட்டு வந்தவன் நான்தானே. கல்லு விழுந்த இடத்துல இருந்து மூணாவது வளைவு வரைக்கும் தோள் ஒடிஞ்சுடற மாதிரி கனம். அதத் தாண்டினதும் கனக்கல. கழண்டு போன மாதிரி இருந்துச்சு." ஆ-தோ மூச்சு வாங்க நிறுத்தினான். "அங்கயே நின்னு கூப்பிட வாயத் தொறந்தேன். அந்த நேரம் பாத்து காவல்காரன் இருமினது குழி வழியாக் கேட்டுச்சு. அப்படியே மூடிக்கிட்டேன்."

"மூடினவரு இப்ப வீட்டப் பட்டியல்ல ஏத்தப் பாக்கறீங்க."

"பட்டியல்ல ஏறினா யாரும் கைவைக்க முடியாது. குழி தொறந்தே கிடக்கும். அவன் எப்பவாச்சும் தானா..."

"தானா வருவானா? முப்பத்துநாலு வருஷமா வராதவன்?" கிம்-லுவானுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. வந்ததும் ஒரேயடியாக வந்தது. "நீங்க கண்ணாடி போட்டு, வெளக்கு போட்டு, ஜனங்களக் கூட்டிட்டு வந்து காட்டுவீங்க. அவன் உள்ள நின்னு பாத்துட்டிருப்பான். வெளிய கொண்டு வர நமக்குத் துப்பில்ல, வேடிக்கை காட்ட மட்டும் துப்பிருக்கு. கையில தங்கக் கட்டியாம்! விரலப் பிரிக்க மூணு ஆளாம்! அந்தக் கையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? சேறு இருந்துச்சு. நான்தான் கழுவினேன்."

"சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிடும்னு பாத்தேன்," என்றான் ஆ-தோ. "ஆகல."

அவன் அழுதான். அறுபத்தெட்டு வயது மனுஷன், சுற்றுலாச் சங்கத்துத் தொப்பியோடு, அடுப்படியில் நின்று அழுதான். கிம்-லுவானுக்கு அவன் மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இல்லை.

"போதும் நிறுத்துங்க. பானையப் பிடிங்க."

இருவரும் சேர்ந்து பானையை நகர்த்தி, கடப்பாரையால் கற்பலகையை நெம்பினார்கள். குழியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஆ-தோ அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"பொம்பளைங்க உள்ள போகக்கூடாது லுவான். மலை தாங்காது."

"அப்ப நீங்க போங்க."

அவன் தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான். இந்தக் கற்பலகையை நெம்பியதற்கே அது துருத்தி மாதிரி ஊதிக்கொண்டிருந்தது.

"இந்த மலை எத்தனையோ தாங்கிடுச்சு, என்னையும் தாங்கும்," என்றாள் அவள். டார்ச்சையும் ஒரு ஊதுபத்தியையும் குறி பார்க்கும் மரக்கட்டைகளையும் எடுத்துக்கொண்டு, முழங்காலுக்கு இரண்டு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே போவது அவ்வளவு ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் அவளைத் திட்டியது. முதல் வளைவில் உளித் தடங்கள் அப்படியே இருந்தன. இரண்டாவது வளைவில் தண்ணீர் சொட்டியது. மூன்றாவதில் சுவரோரமாக மூக்கு வைத்த தகரச் சுரங்க விளக்கு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கிம்-லுவான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊதுபத்தியைப் பற்றவைத்தாள். எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"தியாம்-ஹோக்," என்றாள். "நான் லுவான். குரல் மாறிப்போச்சு, பயப்படாத. நான்தான்."

எதுவும் நடக்கவில்லை. புகைகூட அசையவில்லை.

"அடிபட்டிருக்கு உனக்கு. வீட்டுக்குப் போலாம், வா. இங்க வளைவு. வலப்பக்கம் திரும்பறோம். தல குனிஞ்சுக்கோ, நீ என்னவிட உசரம்."

அவன் வருகிறானா என்று கேட்டுப் பார்க்க மரக்கட்டைகளை மடியில் கொண்டுவந்திருந்தாள். எடுக்கவில்லை. இல்லை என்று விழுந்தால் மறுபடி தவழ்ந்து வர அவளிடம் முழங்கால் இல்லை. வருகிறான் என்றே வைத்துக்கொண்டு தவழ்ந்தாள். இரண்டாவது வளைவு, இடப்பக்கம், கீழே தண்ணீர், வா. முதல் வளைவு, வலப்பக்கம், வெளிச்சம் தெரியுது பார், வா. குரல் குழியில் முட்டி அவளுக்கே திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த காவல்காரன் செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கும் கேட்கட்டும் என்பது போல இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

ஆ-தோ கைகொடுத்து அவளை மேலே தூக்கினான். ஊதுபத்தி அணையாமல் இருந்தது. வெளிச்சத்துக்கு வந்தாயிற்று, இனி அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். ஆ-தோ காத்திருந்தான். கிம்-லுவான் மீன் ஓட்டையும் ரோஸ் உத்தரத்தையும் பார்த்தாள்.

"இங்க சொன்னா இங்கயே தங்கிடுவான்," என்றாள். "இடிக்கப் போற வீடு. கீழ கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன். மகளோட வீட்டுக்குப் போறோம்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கு விட்டா எனக்கு இன்னொரு நாள் தெம்பு வராது. மூலையில கட்டி வச்ச பையத் தூக்குங்க."

மத்தியானம் தாண்டியிருந்தது, தூறல். படிக்கட்டில் கூட்டம். ஒரு கையில் ஊதுபத்தி, ஒரு கையில் குடையுடன் கிம்-லுவான் முன்னால் இறங்க, ஆ-தோ பையோடு பின்னால் வந்தான்.

"இது படி. வழுக்கும், பாத்து வா. இது சாராயக்கடை, ஏழாம் பலகை. உள்ள எட்டிப் பாக்காத, இப்ப சோப்பு விக்கறாங்க. இங்க இடப்பக்கம் திரும்பறோம்."

கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. ஊதுபத்தியைப் பார்த்துச் சிலர் தலை குனிந்தார்கள், சிலர் படமெடுத்தார்கள்.

ஆறாம் பலகைக்கு முன்னால் இருபது பேர் குடை பிடித்து நின்றிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இரண்டு மணிக்கு ஆ-தோவின் கதையைக் கேட்கக் காத்திருந்தவர்கள். "வந்துட்டார், வந்துட்டார்" என்று ஒருவர் கைதட்டினார். கிம்-லுவானின் கால்கள் நின்றன.

இங்கே வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபது ஆசிரியர்கள் இருபது வாய். சாயங்காலத்துக்குள் யூவின் காதுக்குப் போய்விடும். விழாத படிக்குப் பலகை எதற்கு என்று கேள்வி வரும், விழுந்த இடம் எது என்று தேடுவார்கள், முள்ளங்கிக் குழி திறக்கும். திருட்டுக் குழி உள்ள வீடு ஊரிலேயே அது ஒன்றுதான் மிச்சம். பட்டியலில் முதல் பெயராக ஏறும். தைபேக்காரர் போய்விடுவார். இரண்டு மாத வேலையும் மீன் ஓடும் வீண். பேசாமல் இறங்கிவிடலாம், கூட்டத்தைத் தாண்ட எட்டே படி. ஏற்கெனவே ஒரு முறை அவனைப் பேசாமல் தூக்கி வந்தார்கள்.

அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. பொய்யையும் தூக்கிக்கொண்டு இனி ஒரு படிகூட இறங்க முடியாது என்று தோன்றியது.

"தியாம்-ஹோக்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ இங்க விழல. இங்க நிக்காத. வா."

கைதட்டியவர் கையை இறக்கினார். முன்னால் நின்ற ஆசிரியை ஆ-தோவிடம் திரும்பி, "யார்கிட்டப் பேசறாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

ஆ-தோ பையைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"இங்க யாரும் விழலீங்க. நான்தான் தூக்கிட்டு வந்து போட்டேன். தங்கக் கட்டியும் கிடையாது." பையை மறுபடி எடுத்துக்கொண்டான். "இன்னிக்குக் கதை இல்ல. மன்னிச்சுக்குங்க."

மிச்சப் படிகளில் அவளுக்குக் குரல் கட்டிக்கொண்டது. சினிமாக் கொட்டகை வளைவில் ஆ-தோதான் கூப்பிட்டான். "தம்பி, வலப்பக்கம். தல குனிய வேணாம், இங்க கூரை இல்ல." போலீஸ் சாவடி வந்தபோது பழக்கதோஷத்தில் இரண்டு பேருமே சற்றுக் குனிந்தார்கள். கிம்-லுவான் தன்னையே திட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நேரா நட," என்றாள். "இப்ப உள்ள காபி ஆத்தறாங்க."

கடைசிப் படி முடிந்து தார்ச் சாலை வந்தது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். கால் இரண்டும் தன்னுடையவை போலவே இல்லை. எதிரே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஊதுபத்தி விரலைச் சுடுகிற அளவுக்குத் தீர்ந்திருந்தது. ஆ-தோ கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"வெளிய வந்துட்டோம்," என்றாள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து. "இனி வளைவு இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பயப்படாம கேளு. உனக்கு வெறும் அடி இல்ல. நீ செத்துப் போயிட்ட. முப்பத்துநாலு வருஷம் ஆச்சு. பாப்பாவுக்கு முப்பத்தேழு வயசு. எனக்கு அறுபத்தொண்ணு, பாத்தாலே தெரியுமே. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வீடு போயிடும்னு பயந்து சொல்லாம விட்டுட்டேன்."

கணவன் இறந்ததற்காக அவள் அழ வேண்டிய நாளில், ஊர் பார்க்க, அவன் விழாத படியில் உட்கார்ந்து நடித்து அழுதிருந்தாள். இப்போது அழுதாள். பாதிக் காபியோடு சாவடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களை அவள் பொருட்படுத்தவில்லை.

பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. ஆ-தோ பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டான். ஓட்டுநர் ஏறச் சொல்லிக் கையசைத்தான். கிம்-லுவான் கதவோரமாக ஒதுங்கி நின்று முதலில் வழி விட்டாள். பிறகு கம்பியைப் பிடித்து மெதுவாகத் தானும் ஏறினாள்.